உள்ளே இழுத்த ஓம்

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னதும் அறையில் இருந்த அண்ணை சிரித்தார். பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு வீட்டில் நாங்கள் சிலர் சேர்ந்து இருந்தோம். அவர் யாழ்ப்பாணம், நான் வன்னி. எனக்கு வெகுகாலம் முந்தியே பலெர்மோவுக்கு வந்தவர் என்பதால் என்னைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை அவருக்கு இருந்தது.

"என்ன வேலை?"

"ஒரு வயசாளியைப் பாக்கிறது. கால்சாவிலை."

"ஆர் ஆள்?"

"நோர்வேக்காரன். முந்தி நேவியாம்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நேவிக்குப் பயந்து ஓடி வந்தவன் இத்தாலியிலை நேவிக்குக் குண்டி கழுவப் போறான். அதுவும் நோர்வே நேவி. எங்களுக்குச் சமாதானம் கதைக்க வந்த ஆக்கள் எல்லே. அந்தக் கதை என்னவாய்ப் போச்செண்டு கேட்டுக்கொண்டு வா."

"அந்தாள் கப்பலிலை நிண்டவர் அண்ணை. கதைக்க வரேல்லை."

"கதையாத ஆளோ? அப்ப உனக்குப் பொருத்தம்."

அது உண்மை. நான் கதைப்பது குறைவு. பெரிய சிந்தனை ஒன்றும் கிடையாது, சொல்ல எதுவும் வராது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்போடு நின்றவன். இத்தாலியர் இதை அமைதி என்று எடுத்துக்கொள்வார்கள். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவேன். எங்கள் தலையாட்டல் ஆமா இல்லையா என்று அவர்களுக்கு விளங்காது. தங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்கள். எனக்குக் கிடைத்த வேலைகள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.

எங்கள் பக்கத்தில் நேவி என்றால் ஆட்கள் விளக்கை அணைப்பார்கள். முதல் நாள் பயந்து பயந்துதான் படியேறினேன். கதவைத் திறந்தவர் நெடிய, மெலிந்த கிழவர். ஒரு காலில் நீல சொக்ஸ், மற்றக் காலில் மண்ணிறம். பயம் வாசலிலேயே போய்விட்டது. சொக்ஸைச் சோடி சேர்ப்பது அன்றிலிருந்து என் வேலை.

அவர் மனைவி பலெர்மோக்காரி. அவர் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் இங்கே வந்து குடியிருந்தார்கள். மனைவி இருந்தவரை அவரே எல்லோரோடும் கதைப்பார், இவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். மனைவி செத்தபோது இவரிடம் மிஞ்சிய இத்தாலியன் என்னுடையதைப் போன்றது. நேற்று, இன்று, நாளை மூன்றும் அதில் ஒன்றுதான். 'நான் போக, நீ சாப்பிட, அவன் வராமல்.' அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது. நல்ல இத்தாலியன் கதைக்கிறவர்கள் இருவரையும் பிள்ளைகளைப் போல நடத்தினார்கள்.

தெரு முழுக்க அவரைக் 'கொமாந்தாந்தே' என்றுதான் கூப்பிடும். கப்பல் தலைவர் என்று வைத்துக்கொள்ளலாம். மீன்காரர் அவரைக் கண்டால் நெற்றியில் கை வைத்து சல்யூட் அடிப்பார். இவரும் அடிப்பார். அதற்காகவே அந்தப் பக்கத்தால் போவார்.

முதல் கிழமை என்னைக் கேட்டார்.

"நீ தீவில் பிறக்க?"

"ஓம்."

"அப்போ நீ கடல் தெரிய."

எனக்குக் கடல் தெரியாது. நான் குளத்துப் பக்கத்து ஆள். நீந்தவும் வராது. குளத்திலும் எனக்கு நல்ல பெயர் இல்லை. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றைக் குளக்கட்டில் இருந்து நேரே தண்ணிக்குள் விட்டவன் என்றுதான் ஊரில் இன்றைக்கும் என்னை அடையாளம் சொல்வார்கள். இதையெல்லாம் அந்த மொட்டை இத்தாலியனில் விளக்க முடியாது. தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து நான் அவருக்கு 'மாரினாயோ', கப்பலாள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வாய்ப்பழக்கத்தில் நான் ஓம் என்று சொன்னால் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார், இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போல. காது மந்தம் என்று நினைத்து இன்னொரு ஓமை உரத்துப் போடுவேன். இன்னும் கூர்ந்து பார்ப்பார்.

பின்னேரங்களில் தன் ஊரைச் சொல்வார். நோர்வேயின் வடக்குக் கரை. வீடுகள் தண்ணீருக்கு மேல் காலூன்றி நிற்குமாம். குளிர்காலத்தில் சூரியன் வரவே வராதாம். ஊரைச் சுற்றிப் பெரிய மரச்சட்டங்களில் மீன் தொங்குமாம், உப்பில்லாமல், காற்றிலேயே காயுமாம்.

"கருவாடு," என்றேன்.

"கறுவாட்டு," என்றார்.

தகப்பன் மீன்பிடிகாரன். இவர் சின்ன வயதில் மீன் தலைகளில் இருந்து நாக்கு வெட்டி விற்றவர். அந்த மணம் பள்ளிக்கூடம் வரை கூடவே வருமாம். அதில் இருந்து தப்பத்தான் நேவியில் சேர்ந்தாராம். நேவி அவரை வடக்குக் கடலில் காவலுக்கு விட்டது. எதிரி வருவான் என்று பார்த்துக்கொண்டு நின்றார். எதிரி வரவில்லை. வந்தவை மீன்பிடி வள்ளங்கள். அவற்றில் ஏறி வலைக்கண்ணை அளந்தார். எங்கள் நேவியும் வள்ளங்களைத்தான் பார்த்தது. அவர்களிடம் அளவுகோல் இல்லை.

ஊரைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் கழுவி விட்டதுபோல இருக்கும்.

அவருக்கு ஒரே மகள், ஒஸ்லோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் டப்லெட்டில் முகம் பார்த்துக் கதைப்பார். ஞாயிறு எனக்கு லீவு என்பதால் அவர்கள் கதைப்பதை நான் கேட்டதில்லை. ஒருமுறை மகள் வேலைநாளில் எடுத்தார். நான் பக்கத்தில் அலுமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் நீளமாக எதையோ சொல்ல, இவர் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று வாய் திறந்து "ஹ்யா" என்று மூச்சை உள்ளே இழுத்தார். திரும்பிப் பார்த்தேன். முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. திரும்பவும் இழுத்தார். பிறகு இன்னும் ஒருமுறை. என் சித்தப்பா உயிர் போகும்போது இழுத்தது இப்படித்தான்.

பாய்ந்தேன். கதிரையோடு அவரைச் சாய்த்து சேர்ட் பொத்தான்களைப் பிய்த்தேன். டப்லெட் விழுந்து இருண்டது. பல்கனிக்கு ஓடினேன். இத்தாலியனில் உதவிக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியும். வாயில் வந்தது "ஐயோ." கீழ்வீட்டு சிஞ்ஞோராவுக்கு, அந்த அம்மாவுக்கு, அது போதும். அம்புலன்சும் வந்தது, தெருவும் வந்தது.

கொமாந்தாந்தே எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் கேட்கவில்லை. படிகளில் கதிரையில் வைத்து இறக்கினார்கள். மீன்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். அதைப் பார்த்ததும் கொமாந்தாந்தே சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் குனிந்து கேட்டார்: "சுகமாய் இருக்கிறீங்களோ?"

"ஹ்யா."

ஒட்சிசன் மாட்டினார்கள்.

"இப்ப சுகமோ?"

மாஸ்க்குக்குள்ளே "ஹ்யா." ஒட்சிசனைக் கூட்டினார்கள்.

எல்லாச் சோதனையும் செய்தார்கள். இருதயம் என்னுடையதைவிட நன்றாக வேலை செய்தது. அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள். அதற்குள் மகள் பிளேன் ஏறிவிட்டார். அவர் கடைசியாகப் பார்த்தது, தகப்பன் மேல் ஒரு கறுத்த ஆள் பாய்வதையும் திரை இருள்வதையும்தான்.

வந்தவர் என்னைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. குசினி மேசையில் இருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்ய வேண்டுமே என்று கேட்டேன்.

"சிஞ்ஞோரா, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

போனில் இருந்து கண்ணை எடுக்காமல் "ஹ்யா" என்றார்.

பரம்பரை வருத்தம் என்று நினைத்தேன். மயங்கப் போகிறவருக்கு முகத்தில் தண்ணி அடிப்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். கேத்தலுக்குப் பிடித்த தண்ணி கையில் இருந்தது. நல்லகாலம், பச்சைத்தண்ணி. அடித்தேன்.

தலையில் இருந்து தண்ணி சொட்ட மகள் எழும்பி, தாயிடம் படித்த நல்ல இத்தாலியனில் கேட்டார். "என்ன செய்யிறீங்கள் நீங்கள்?"

 அவர் செய்ததைச் செய்து காட்டினேன். வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்தேன். பிறகு தகப்பனின் அறையைக் காட்டி இன்னொருக்கால் இழுத்தேன்.

மகள் என் வாயைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, அழுகிற மாதிரிச் சிரித்தார்.

"அது 'ஆம்'. எங்கடை ஆக்கள் 'ஆம்' எண்டதை மூச்சை உள்ளை இழுத்துத்தான் சொல்லுவினம். அப்பாவின்ரை ஊரிலை இன்னும் கூடுதலாய். இதுக்கோ அம்புலன்ஸ்?"

"ஓம்," என்றேன் தலையைக் குனிந்துகொண்டு.

அவர் காத்திருந்தார். "ஓம்... சொல்லுங்கோ. மிச்சம்?"

"மிச்சம் இல்லை. ஓம் எண்டால் எங்கடை 'ஆம்'."

மகள் திரும்பவும் கதிரையில் விழுந்தார். நோர்வேயில் ஓம் என்று ஒரு சொல் இருக்கிறதாம், 'என்றால்' என்று அர்த்தமாம். 'மழை பெய்தால்', 'காசு இருந்தால்' என்று சொல்லும்போது முதலில் அதைத்தான் போடுவார்களாம். அதைப் போட்டுவிட்டு ஒருவன் வாயை மூடினால் கேட்பவன் மிச்சத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

அறைக்குள் இருந்து கொமாந்தாந்தேயின் சத்தம் வந்தது. "நான் நினைக்க, இந்த மாரினாயோ எல்லாத்துக்கும் நிபந்தனை வைக்க! சூப் வேணுமா? 'என்றால்.' கதவு பூட்டினியா? 'என்றால்'!"

சிரிப்பு அடங்கியதும் மகள் முகத்தைத் துடைத்தார். பிறகு வந்த விசயத்தைச் சொன்னார். தகப்பனின் ஊரில் வயதானவர்களைப் பார்க்கும் இல்லம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் அறை காலியாகியிருக்கிறது. அதைப் பற்றித்தான் அன்றைக்கு டப்லெட்டில் கதைத்தார். அப்பாவும் ஆம், ஆம், ஆம் என்று மூன்று தரம் சம்மதித்துவிட்டார்.

"உங்களிலை பிழை இல்லை," என்றார் என்னிடம். "ஆனால் உண்மையாய் ஏதும் நடந்தால் நீங்கள் ஒராள் போதாது."

 அவர் தலைமயிர் இன்னும் ஈரமாக இருந்தது.

கொமாந்தாந்தே அறை வாசலில் நின்றார். தன் சொக்ஸைப் பார்த்தார். சோடி சரியாகத்தான் இருந்தது.

பின்னேரம் அவரைக் கடற்கரைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனேன். வழக்கமான வாங்குப் பலகையில் இருந்தோம்.

"நான் போக விருப்பம் இல்லாமல்," என்றார்.

"போனில் ஆம் சொல்ல?"

"அது சம்மதிக்க இல்லை. அது கேட்க. 'நான் கேட்க, நான் கேட்க.' அந்த ஆம்."

"மகளுக்குச் சொல்ல."

"முடியாமல். சின்னதில் இருந்து அவளுக்கு நான் சொல்ல: உலகத்தில் நல்ல ஊர் என் ஊர். இப்போ எப்படி வேண்டாம் சொல்ல?"

பிறகு கல்லின் கதையைச் சொன்னார். முதன்முதலாக ஒரு கப்பலை அவர் பொறுப்பில் விட்டபோது சொந்த ஊருக்குக் கொண்டுபோனார். ஊரே கொடி பிடித்துக்கொண்டு கரையில் நின்றது. தாய் புதுக் கோட்டுப் போட்டிருந்தார். தாயின் முகம் தெரிய வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் கிட்டப் போனார். சின்ன வயதில் ஏறி நின்று குதித்த கல்லொன்று அங்கே உண்டு. அதன் மேலேயே கப்பலைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். தண்ணி ஏறும்வரை கப்பல் அதில் இருந்தது. ஊர்க்காரர் தோணியில் கோப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"யாரும் திட்டாமல். கோப்பி கொடுக்க," என்றார். அதுதான் அவருக்குத் தாங்க முடியாதது போல. "இங்கே நான் கொமாந்தாந்தே. அங்கே நான் கல்."

என் லான்ட்மாஸ்டரைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவருடையது கப்பல்.

"நீ மகளுக்குச் சொல்ல," என்றார். "நீ குறையக் கதைக்க. உன்னை அவள் நம்ப."

விடிய, மகளிடம் போய் நின்றேன். இரவு முழுக்க அடுக்கி வைத்த வசனம் வாயைத் திறந்ததும் கலைந்துபோனது.

"சிஞ்ஞோரா, அப்பா ஊருக்குப் போக ஏலாது. அப்பாவுக்குக் கல்."

"கல்லோ? கிட்னியிலையோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன், எங்கள் ஆட்டல். அவர் தனக்கு விளங்கியபடி எடுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் கொமாந்தாந்தே திரும்ப ஆஸ்பத்திரியில் இருந்தார், வயிற்றில் குளிர்ந்த களியைப் பூசி ஸ்கான் பார்த்துக்கொண்டு. கிட்னியும் திறம். வெளியே வந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். வலைக்கண் சிறுத்த வள்ளக்காரரை அப்படித்தான் பார்த்திருப்பார்.

ஞாயிறு அன்று அறையில் அண்ணை கேட்டார். "நல்ல சுகத்தோடை இருந்த மனுசனை ஒரே கிழமையிலை ரெண்டு தரம் ஆஸ்பத்திரியிலை போட்டிட்டியாம்?"

"ஓம் அண்ணை."

"அங்கை நேவி எங்களுக்குச் செய்ததுக்கு நீ இஞ்சை நேவிக்குச் செய்யிறாய். செய், செய். ஆனால் பிழையான நேவியாய்ப் பாத்துச் செய்யிறாய்."

கோடை தொடங்கியதும் மகளோடு மூவரும் அவர் ஊருக்குப் போனோம். தகப்பனை அங்கே சேர்த்துவிட்டு நான் தனியே திரும்புவது என்று ஏற்பாடு. அவருடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன். சொக்ஸ் எல்லாம் சோடி சோடியாக.

பிளேன், பஸ், கடைசியாகப் படகு. படகு கரையை விட்டதும் என் வயிறும் விட்டது. கம்பியைப் பிடித்தபடி குனிந்தவன் நிமிரவில்லை. கொமாந்தாந்தே வந்து பக்கத்தில் நின்று ஒரு கடதாசிப் பையைப் பிடித்தார். மற்றக் கையால் என் கழுத்துச் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார், விழாமல்.

"மாரினாயோ," என்றார் மெதுவாக. "நீ கடல் தெரியாமல்."

"ஓம்," என்றேன் பைக்குள்.

"என்றால் இல்லை. ஆம்," என்றார். அவ்வளவுதான் என் கப்பலாள் பட்டம்.

எதிரே ஒரு கிழவி பின்னிக்கொண்டிருந்தார். இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கொமாந்தாந்தேயின் காது சிவந்தது. மகள் கிழவியிடம் கேட்டார், கிழவி சொன்னார், நீளமாக, ஊசியால் தண்ணியைக் காட்டிக் காட்டி. ஊருக்கு முன்னால் தண்ணியில் ஒரு கறுத்த கல் நின்றது. எருமை முதுகு அளவுதான். இதற்காகவா என்று எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மகள் என்னிடம் வந்தார். "கிழவி என்ன சொன்னவ தெரியுமோ? 'கல் நீ விட்ட இடத்திலைதான் இருக்கு, ஒருத்தரும் எடுக்கேல்லை' எண்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் அண்டைக்குச் சொன்ன கல் இதுவோ?"

பையில் இருந்து முகத்தை எடுக்காமல் "ஓம்" என்றேன். இந்த முறை அவர் மிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. தகப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் அவர் சொன்னபடியேதான் இருந்தது. சிவப்பு வீடுகள், காய்ந்த மீன் மணம். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கடைக்காரி, பெட்டி தூக்க வந்தவர், நாயோடு போனவர், யாரைக் கேட்டாலும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். எங்கள் கீழ்வீட்டு சிஞ்ஞோரா கண்டிருந்தால் அம்புலன்ஸ் போதாமல் போயிருக்கும். எல்லோரும் கொமாந்தாந்தேயைக் கண்டு சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. ஒருவர் கோப்பி குடிக்க வரச் சொன்னார். கொமாந்தாந்தே வேகமாக நடந்தார்.

இல்லம் மேட்டில் இருந்தது. பொறுப்பாக இருந்த பெண்மணி வாசலிலேயே நின்று எங்களைக் கூட்டிப்போனார். அறைக்கு வெளியே வேறு ஆட்களின் பெட்டிகளும் நின்றன, எங்கள் பெட்டியையும் அவற்றோடு வைத்தேன். அறை சுத்தம், கட்டில் நல்லது. நான் இருக்கும் அறையைவிடப் பெரிது. யன்னல் சீலையை விலக்கி, பெருமையாக ஏதோ சொன்னார். இந்த வீட்டிலேயே நல்ல காட்சி இந்த யன்னலில்தான் என்று மகள் எனக்குச் சொன்னார். எட்டிப் பார்த்தேன். கடல். நேர் நடுவே, கல்.

கொமாந்தாந்தே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்மணி பக்கத்தில் போய்க் கேட்டார். எனக்கு நோர்வே மொழி தெரியாது. ஆனால் அந்த இடத்தில் என்ன கேட்பார்கள் என்று தெரியும். இங்கே இருக்க விருப்பமா?

கொமாந்தாந்தே வாய் திறந்து "ஹ்யா" என்று இழுத்தார்.

இப்போது எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பதற்றப்படவில்லை. அது ஆம். கதை முடிந்தது. பெண்மணி சிரித்துக்கொண்டு மேசைக்குப் போனார். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.  நான் திரும்பிப் போய் வேறு வேலை தேட வேண்டும், அது பெரிதில்லை. இந்த மனிதர் ஒவ்வொரு விடியலும் எழும்பி அந்தக் கல்லைப் பார்க்கப் போகிறார்.

அவர் கையை உயர்த்தினார். மற்றக் கையால் யன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தன் மொழியில் சொன்னார், பிறகு எனக்காக எங்கள் இத்தாலியனில்.

"அது மூச்சு. மேடு ஏற, மூச்சு வாங்க. பதில் இல்லை."

பெண்மணி மகளைப் பார்த்தார். மகள் தகப்பனைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரிக்கப் பார்த்தது. தகப்பனிடம் ஏதோ கேட்டார், ஒரு சின்னக் கேள்வி. அதில் பலெர்மோ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

கொமாந்தாந்தே என் பக்கம் திரும்பி நின்று சொன்னார்.

"ஓம்."

அந்தப் பெண்மணி பேனையோடு காத்திருந்தார். என்றால்... என்ன? மழை பெய்தாலா? காசு இருந்தாலா? மரியாதையாகத் தலையைச் சரித்துக்கொண்டு மிச்சத்துக்குக் காத்திருந்தார்.

மிச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே முதல் ஆளாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன், ஒரு கப்பலாளின் கம்பீரத்தோடு. வாசல் வரை போன பிறகுதான் பின்னால் இல்லத்துக் கிழவி ஒருவர் கத்துவது கேட்டது. நான் தூக்கி வந்தது அந்தக் கிழவியின் பெட்டி.